தலைமாட்டில் ஒரு குரல்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் புளி உலுக்கத் தொடங்கிவிடுவார்கள். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகிற வழியெல்லாம் மரத்தடியில் தார்ப்பாய் விரித்திருக்கும், பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டிக்கொண்டிருப்பார்கள். என் தாய்மாமா விழுந்தது அப்படி ஒரு மாசி மாதக் காலையில். களத்துமேட்டுப் புளியமரம், அவர் பையனாக இருந்ததிலிருந்து ஏறி இறங்கிய மரம். கிளை முறியவில்லை. பனி ஈரத்தில் கால் வழுக்கியது, அவ்வளவுதான். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலிருந்து, உட்கார்ந்த வாக்கில் வந்து விழுந்தார். நான் அப்போது தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் மாமா மல்லாந்து கிடக்கிறார், கண் திறந்திருக்கிறது, வாய் மட்டும் மூச்சுக்குத் தவிக்கிறது.

அதன்பிறகு நடந்ததை இத்தனை வருடங்களில் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பத்துப் பதினைந்து பேர் ஓடி வந்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே சொல்: "தூக்கு, தூக்கு!" ஒருவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், இன்னொருவர் உட்கார வைத்து முதுகை நீவச் சொன்னார். தக்காளி ஏற்ற வந்த சின்ன யானை வண்டி பக்கத்திலேயே நின்றது. பெரியப்பா மகன் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, முழங்காலுக்கு அடியில் கை விட்டுக் கால் பக்கம் பிடித்தவன் நான். மாமா நடுவில் மடிந்தார். "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டார், அப்புறம் சத்தமே இல்லை. கிரேட்டுகளுக்கு நடுவே சாய்த்து உட்கார வைத்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் குலுங்கக் குலுங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாமா அதற்குப் பிறகு நடக்கவில்லை.

என்னை விடாமல் துரத்துவது ஒரு சின்ன விஷயம். அவரைத் தூக்குவதற்கு முன்னால், மண்ணில் கிடந்த அவருடைய வலது கால் கட்டைவிரல் லேசாக மண்ணைத் தேய்த்ததுபோல ஒரு ஞாபகம். நிஜமாகவே பார்த்தேனா, பிற்பாடு குற்ற உணர்வில் நானே உண்டாக்கிக்கொண்ட காட்சியா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பாதத்தில் குத்திப் பார்த்தபோது விரல் அசையவில்லை. "எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். சொன்னோம். சீட்டில் எதையோ எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன்.

மடிந்த இடம்

முதுகெலும்பைப் பற்றி நான் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். கழுத்தில் 7 எலும்பு, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5. நெஞ்சுப் பகுதி எலும்புகள் விலாவோடு சேர்ந்து கட்டிப்போட்டதுபோல இருக்கும், அதிகம் வளையாது. இடுப்புப் பகுதி நன்றாக வளையும். விறைப்பான பகுதி முடிந்து வளைகிற பகுதி தொடங்கும் சந்திப்பில்தான், உயரத்திலிருந்து உட்கார்ந்த வாக்கில் விழுபவர்களுக்குப் பெரும்பாலும் எலும்பு நொறுங்குகிறது. முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடத்தின் கடைசிப் பகுதியும் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. அக்குளில் ஒருவரும் முழங்காலில் ஒருவரும் பிடித்துத் தூக்கினால் உடம்பு எங்கே மடியும் என்று உங்கள் வீட்டுக் குழந்தையைத் தூக்கிப் பாருங்கள். அதே இடம்தான். மாமாவுக்கு உடைந்திருந்ததும் அங்கேதான்.

சரி, நாங்கள்தான் அவருடைய கால்களைப் பறித்தோமா? பிற்பாடு இரண்டு மருத்துவர்களிடம் கேட்டேன். இருவரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொன்னார்கள். விழுந்த நொடியிலேயே தண்டுவடம் நசுங்கியிருக்கலாம், அப்படியானால் பூப்போலத் தூக்கியிருந்தாலும் இதே கதிதான். பாதி தப்பியிருந்தது தூக்கியபோது போயிருக்கலாம். அடிபட்ட இடம் அடுத்த சில மணி நேரத்தில் வீங்கி, அதனாலும் மோசமாகியிருக்கலாம். இதில் எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இது எனக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்ட பதில். கட்டைவிரலைப் பார்த்தவனுக்கு இது ஆறுதலாக இல்லை.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு ஓடி வந்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்தவர் உண்டு, வண்டியிலிருந்த தக்காளியைக் கீழே கொட்டிவிட்டு இடம் பண்ணிய டிரைவர் உண்டு. எங்கள் ஊரில் கீழே விழுந்தவனைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது பாவம். அந்த நல்ல மனசுதான் எல்லோர் கையையும் ஒரே நேரத்தில் நீட்ட வைக்கிறது. பதினைந்து பேரில் ஒருவராவது "நில்லுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். படித்தவன், வாத்தியார், நான் சொல்லியிருக்க வேண்டும். 2008லிருந்து தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடுகிறது, அந்த எண் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று யாரும் அதை அழுத்தவில்லை, வண்டிதான் பக்கத்திலேயே நிற்கிறதே.

கீழே கிடந்து பார்த்தது

பள்ளியில் ஜே.ஆர்.சி. எனப்படும் இளம் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பு என்னிடம் வந்தபோது முதலுதவிப் பயிற்சிக்காகக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நோயாளியாக நடிக்க ஆள் கேட்டார், நான் போய்ப் படுத்துக்கொண்டேன். ஏன் போனேன் என்று எனக்குத் தெரியும், அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

தரையில் மல்லாந்து கிடப்பவனுக்கு உலகம் வேறு மாதிரி இருக்கிறது. மேலே மின்விசிறி, சுற்றிலும் குனிந்த முகங்கள், யார் எந்தப் பக்கம் தொடப்போகிறார்கள் என்று தெரியாத பயம். அவர் என் தலைமாட்டில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் என் தலையின் இரு பக்கமும் பிடித்தார். காதை மூடாமல் பிடிக்க வேண்டுமாம், நோயாளிக்குக் கேட்க வேண்டும் இல்லையா. "நான் சொல்ற வரைக்கும் யாரும் அசைக்கக் கூடாது. சார், தலையை ஆட்டாதீங்க, வாயால மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். அந்தக் கைகள் வந்த மாத்திரத்தில் பயம் போய்விட்டது. என் பக்கவாட்டில் மூன்று பேர்: ஒருவர் தோளும் இடுப்பும், அடுத்தவர் இடுப்பும் தொடையும், மூன்றாமவர் கால்கள். பக்கத்தில் இருப்பவரின் கையோடு கை குறுக்காகப் போகும்படி பிடித்தார்கள். எதிர்ப்பக்கம் ஸ்பைன் போர்டு என்கிற கெட்டிப் பலகையோடு ஒருவர். தலைமாட்டிலிருந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" வந்தது. மரக்கட்டையை உருட்டுவதுபோல மூக்கும் தொப்புளும் ஒரே நேராக இருக்க நான் மொத்தமாகத் திரும்பினேன். இதற்கு லாக் ரோல் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் பலகை வந்தது, மறுபடி எண்ணினார், மல்லாந்தேன். எனக்கு எங்கேயும் மடியவில்லை.

அவர் சொன்னவற்றில் பலதும் நான் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் முதல் கேள்வியாக அவர் வைத்ததை நான் யோசித்ததே இல்லை: இவரை இப்போது நகர்த்தித்தான் ஆக வேண்டுமா? தீப்பிடிக்கிற வண்டி, இடியப் போகிற சுவர், மூச்சு நின்றுபோனவர் என்றால் முதுகெலும்பைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை, உயிர்தான் முதலில். தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயை உதாரணம் சொன்னார். 44ஆம் எண் நெடுஞ்சாலையில் அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வருகிற லாரிகளை நம் மாவட்டத்துக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே நடுரோட்டில் ஒருவர் கிடந்தால் ஆம்புலன்ஸ் வரட்டும் என்று நிற்க முடியாது. தோள்பட்டைக்குப் பக்கத்தில் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, தலையை நம் முன்னங்கைகளுக்கு நடுவே தாங்கி, தலை இருக்கிற திசையிலேயே உடம்பை நீளவாக்கில் நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் முதுகு முறுக்கிக்கொள்ளும். ஓரத்துக்கு வந்ததும் விட்டுவிட வேண்டும். வழக்கு வருமோ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது: சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாதபடி 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். பணக் கவலையையும் 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் ஓரளவு குறைத்திருக்கிறது, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு வரம்பு வரை இலவசம்.

சித்தேரி மலையிலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியர் எழுந்தார். "போர்டு, கழுத்துக் காலர் எல்லாம் எங்க ஊருக்கு வராதுங்க ஐயா. கம்பத்துல போர்வையைத் தூளியாக் கட்டித்தான் தூக்கிட்டு இறங்குவோம்" என்றார். பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் போன படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். இயந்திரத்துக்கே அந்தப் பாடு என்றால் நோயாளிக்கு? பயிற்சியாளர் அவரை மரியாதையோடு கேட்டுக்கொண்டார். தூளி தப்பே இல்லை, அது எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றார். நிறைமாதப் பெண்ணை மட்டும் மல்லாக்கப் போடாமல் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாந்தால் வயிற்றின் கனம் முதுகெலும்பையொட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரும் என்று காரணத்தையும் சொன்னார். மரத்திலிருந்தோ பாறையிலிருந்தோ விழுந்தவர் என்றால் தூளி வேண்டாம், அதில் உடம்பு வில்லாக வளையும். வீட்டுக் கதவைக் கழற்றுங்கள். கதவு கிடைக்காவிட்டால் பெஞ்சு. கயிற்றுக் கட்டில்தான் இருக்கிறது என்றால் அதன்மேல் பலகை போட்டு, தலைக்கு இரு பக்கமும் துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, நெஞ்சையும் இடுப்பையும் தொடையையும் சேலையால் கட்டுங்கள். "எதுல தூக்குறோம்கிறது ரெண்டாவது. எல்லாரும் யாரோட குரலைக் கேக்குறோம், அதுதான் முதல்ல" என்றார். எங்கள் களத்துமேட்டில் மாட்டுக்கொட்டகைக்கு ஒரு கதவு இருந்தது. இருபதடி தூரத்தில்.

22 நிமிடம்

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை. தருமபுரியில் நான் குடியிருக்கும் தெருவில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரம் சரிந்து முப்பது வயதுக் கொத்தனார் ஒருவர் கீழே விழுந்தார். சத்தம் கேட்டு நான் போவதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள், ஒருவர் அவருடைய கையைப் பிடித்து எழுப்பப் பார்க்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. "தொடாதீங்க!" என்று கத்தியது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. தலைமாட்டில் முட்டிபோட்டேன், முழங்கையை ஊன்றினேன், தலையைப் பிடித்தேன். "தம்பி, தலையைத் திருப்பாதே. மூச்சு விட முடியுதா? சொல்லு" என்றேன். "முடியுது சார், இடுப்பு வலிக்குது" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் 108க்கு அடிக்கச் சொன்னேன்.

வண்டி வந்து சேர 22 நிமிடம் ஆனது, அத்தனை நேரமும் ஒரே நிலையில். மல்லாந்து கிடப்பவர் வாந்தியெடுத்தால் மூச்சுக்குழலில் போய்விடும், அப்படி நேர்ந்தால் யார் யார் எங்கே பிடித்து மொத்தமாகப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மூன்று பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். நல்லவேளை, தேவைப்படவில்லை. ஜல்லி முட்டியில் குத்தியது. ஐந்து நிமிடம் ஆனதும் கூட்டம் பொறுமை இழந்தது. கைலி கட்டிய பெரியவர் ஒருவர் நேராகவே கேட்டார்: "ஏம்பா, உயிருக்குப் போராடுறான், பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா? ஆட்டோ நிக்குது, தூக்குங்கப்பா!" இரண்டு பேர் காலைப் பிடிக்கக் குனிந்தும்விட்டார்கள். என்னிடம் அவர்களுக்குச் சொல்ல நியாயம் எதுவும் தயாராக இல்லை. "எங்க மாமாவை அப்படித்தான் தூக்கினோம். அவரு இன்னும் படுக்கையில இருக்காரு. காலைப் பிடிச்சவன் நான்தான்" என்றேன். வெளியாட்கள் முன்னால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பெரியவர் ஒன்றும் பேசாமல் துண்டை விரித்து அந்தக் கொத்தனாரின் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார், வண்டி வரும்வரை.

108இல் வந்த அவசர மருத்துவ உதவியாளர், இ.எம்.டி. என்பார்கள், இருபத்தைந்து வயதுப் பெண். பையோடு இறங்கி வந்தவர் என் கையைப் பார்த்தார். "சார், கையை எடுக்காதீங்க. அப்படியே இருங்க" என்றார். மூச்சு, நாடி பார்த்தார், கை கால் விரலை அசைக்கச் சொன்னார். அசைந்தன. நான் பார்வையை வேறு பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. கழுத்துப் பட்டை போட்ட பிறகும் தலையை விடச் சொல்லவில்லை. பிறகு எனக்கு எதிரே கை நீட்டி, என் விரல்களுக்கு வெளியே தன் விரல்களை வைத்து, "இப்ப விடுங்க" என்று வாங்கிக்கொண்டார். வண்டி ஓட்டி வந்த பைலட்டோடு சேர்த்து மூன்று பேர் வேண்டும். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னைத் திட்டிய பெரியவரையும் சாந்து குழைக்கும் ஒருவரையும் கூப்பிட்டார். எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டினார். பலகையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் எண்ணினார்.

பெரியவரின் கைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, உடம்போடு ஒட்டிப் பிடித்து, தலைமாட்டுக் குரலுக்குக் காத்திருந்து, மற்ற இருவரோடும் ஒரே நேரத்தில் எழுந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் யார் என்று அப்புறம்தான் விசாரித்தேன். எங்கள் பகுதியில் சாவு விழுந்தால் பாடை கட்டவும் தூக்கவும் முன்னால் நிற்கிறவர் அவர்தான்.

இது என் மனதை விட்டுப் போகவே இல்லை. பாடை தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் உயரம் பார்த்து நிற்பார்கள். தலைமாட்டில் ஒரு பெரியவர் குரல் கொடுப்பார், அதற்கு முன்னால் யாரும் தூக்க மாட்டார்கள். தோள் மாற்றும்போதும் சாயாது, பாதி வழியில் இறக்கித் திருப்பும்போதும் சாயாது. இனி எதுவும் வலிக்காத உடம்பு அது, அதற்கு அவ்வளவு நிதானம். உயிரோடு, வலியோடு கிடந்த என் மாமாவுக்கு நாங்கள் அதில் பாதியைக்கூடக் கொடுக்கவில்லை. தூக்கத் தெரியாத ஊர் இல்லை இது. இருபத்தைந்து கிலோ தக்காளிப் பெட்டியை ஒருவர் வீச இன்னொருவர் ஏந்துகிற ஊர். செத்தவரிடம் காட்டுகிற பொறுமையை, "ஐயோ" என்று கத்துகிறவரிடம் காட்ட முடியாமல் எது நம்மைத் தடுக்கிறது? அந்தச் சத்தம்தான் என்று நினைக்கிறேன். அதை நிறுத்த வேண்டும், உடனே நிறுத்த வேண்டும் என்று கை ஓடுகிறது.

கொத்தனாருக்கு இடுப்பெலும்பில் ஒரு விரிசல், கணுக்காலில் முறிவு. இப்போது நடக்கிறார். நான் தலையைப் பிடித்ததால்தான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆட்டோவில் போயிருந்தாலும் ஒருவேளை நடந்திருப்பார். இந்த விஷயத்தில் மருத்துவத்துக்குள்ளேயே எண்ணங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. விழுந்தவர்கள் எல்லோரையும் கெட்டிப் பலகையில் கட்டிப்போடுவதைப் பல நாடுகளில் குறைத்துவிட்டார்கள். பலகை தூக்கி நகர்த்த மட்டும்தான், அதிலேயே வெகுநேரம் கிடத்தினால் படுக்கைப் புண் வரும் என்கிறார்கள். கருவிகள் மாறும். வளைக்காமல், முறுக்காமல், ஒரே குரலில் நகர்த்துவது மட்டும் எங்கேயும் மாறவில்லை.

தூக்குகிறவர்களின் முதுகு

அந்த இ.எம்.டி. பெண் வண்டிக் கதவைச் சாத்தும் முன் ஒரு கையை இடுப்பில் வைத்து முதுகை நிமிர்த்தியதைப் பார்த்தேன். தூக்குபவர்களின் முதுகைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷின் கணக்கில், எல்லாம் வசதியாக அமைந்தால் ஒருவர் தூக்கக்கூடிய எடை 23 கிலோ. நோயாளியைத் தூக்குவதற்கு அதையும் குறைத்துச் சுமார் 16 கிலோ என்கிறார்கள், மனிதர் பெட்டி மாதிரி கைப்பிடியோடு இருப்பதில்லை, திடீரென அசைவார், பிடி நழுவும். 60 கிலோ ஆளை இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு 30. மாடிப்படியில், சந்துக்குள், சேற்றில் தினமும் இதைச் செய்கிறவர்களுக்கு நாற்பது வயதில் முதுகு என்ன ஆகும்? ஆம்புலன்ஸ் வந்ததும் "எடுத்துட்டுப் போங்க" என்று நாம் விலகி நிற்கிறோம். விலக வேண்டாம். என்ன செய்யணும் என்று கேட்டு, அவர்கள் சொன்ன இடத்தைப் பிடியுங்கள்.

எனக்கு இதைச் சொல்லித்தந்தது என் அத்தையின் முதுகு. மாமாவைப் படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். முதல் வருடம் அத்தை ஒற்றை ஆளாக, குனிந்து, அக்குளில் கை கொடுத்து இழுத்து இழுத்தே திருப்பினாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலூருக்குப் போன பிறகுதான் வழி தெரிந்தது. அங்கே சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்த மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தவர். வார்டில் இதைக் கேட்டதும் மாமா இரண்டு நாள் வேறு எதையும் பேசவில்லை. முதுகுக்கடியில் குறுக்காக ஒரு பெட்ஷீட்டை மடித்துப் போட்டு, அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்துத் திருப்புவது, நாற்காலிக்கு வழுவழுப்பான பலகை வழியே நகர்த்துவது, முட்டியை மடக்கித் தன் எடையைக் கொடுத்து இழுப்பது என அத்தை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். "தூக்கவே வேணாம் கண்ணு, நகத்தினா போதும்" என்று என்னிடம் சொன்னாள். பலகையை ஊர்த் தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டோம்.

கொத்தனார் விழுந்த அன்று சாயங்காலம் ஊருக்குப் போனேன். மாமா வாசலில் நாற்காலியில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"தலையை யாரு பிடிச்சா?" என்றார்.

"நான்தான் மாமா."

களத்துமேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கை நடுங்குச்சா மாப்ள?" என்றார்.

"நடுங்குச்சு."

கட்டைவிரலைப் பற்றி அப்போது கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. அதற்குள் அத்தை பலகையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவரைக் கட்டிலுக்கு மாற்ற வேண்டும். நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன். அத்தை இடுப்புப் பக்கம், நான் கால் பக்கம். எப்போதும் நான் கால் பக்கம்தான். இருவரும் முட்டியை மடக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். எங்கள் வீட்டில் எண்ணுவது மாமாதான்.

"பிடிச்சாச்சா? ஒண்ணு... ரெண்டு..."